பிள்ளை யார் உடைமை?

மணவாழ்க்கை முறிந்தது, பாத்திரம் பண்டம் பிரிக்கப்பட்டது, நகை திருப்பப்பட்டது. எஞ்சி நிற்பது பிள்ளை! அதையும் பாகப் பட்டியலில் ஓர் உருப்படியாகச் சேர்த்துவிடுகிறோமே, அந்த மனப்பான்மையைத்தான் சாடுகிறோம்.

சட்டம் வழிகாட்டுகிறதா? 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், காப்பாளர் சட்டத்திலே 6-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். இயற்கைக் காப்பாளர் தந்தையாம். "அவருக்குப் பிறகு" தாயாம்! ஐந்து வயது நிறையாத குழந்தை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாமாம். பாலூட்டத் தாய், தாலாட்டத் தாய், காய்ச்சல் கண்ட இரவில் கண்விழிக்கத் தாய். கையொப்பமிட மட்டும் தந்தை! சுமை ஓரிடம், உரிமை வேறிடம். விதைத்தவன் யார், நிலம் யாருடையது என்று தாயின் உடலை வயலாக்கிக் கணக்குப் பார்த்த மனுவின் வாடை இதிலே வீசவில்லையா?

"1999-இலேயே உச்சநீதிமன்றம் சரிசெய்துவிட்டதே!" என்பார் சட்டம் பயின்ற நண்பர். அறிவோம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார்; தந்தையின் கையொப்பம் எங்கே என்று வங்கி கேட்டது; அவர் வழக்காடினார். "பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் கொள்ளவேண்டியதில்லை, அவர் அக்கறையற்றிருக்கும் காலத்தையும் குறிக்கும் என்றது மன்றம். பொருள் விரிந்தது, சொல் அப்படியே இருக்கிறது! தாயையும் தந்தையையும் சமமாக வையுங்கள் என்று 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆம் அறிக்கையில் எழுதிற்று. அறிக்கை ஏட்டில் உறங்குகிறது.

தந்தையர் அனைவரும் பகைவர் என்பதல்ல நம் வாதம். நீதிமன்ற வளாகத்திலே, கடிகாரத்தைப் பார்த்தபடி மகளைக் கொஞ்சும் தகப்பனும் இரக்கத்துக்குரியவனே. ஆனால் அவனை அங்கே நிறுத்தியது எது? பிள்ளையைப் பிடித்துவைத்தால் எதிரி பணிவார் என்ற கணக்கு! அந்தக் கணக்கை இருபுறமும் போடுகிறார்கள்.

செலவோ கொடுமை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வக்கீல் வைப்பது எவருக்கும் உரிமையல்ல என்று கூறி, வழக்காடுவோரே நேரில் பேசட்டும் என்றது. சட்டம் வக்கீலை வாசலில் நிறுத்துகிறது; வழக்கமோ நாற்காலி போட்டு அமர்த்துகிறது! பிள்ளை எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த ஊர் மன்றத்தில்தான் காப்பாளர் மனு. ஆகவே எது பிள்ளையின் ஊர் என்பதற்கே முதற்சண்டை, முதற்கட்டணம். வாய்தாவுக்கு வாய்தா, ஒருநாள் கூலி போயிற்று, பேருந்துக் கட்டணம் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துவைத்த பணம் இடைக்கால மனுவிலே கரைகிறது. பணமுள்ளவன் வெல்வதற்கு வாதம் தேவையில்லை, காத்திருந்தாலே போதும்.

வருமானமற்ற துணைக்கு வழக்குச் செலவைத் தரச்சொல்லும் 24-ஆம் பிரிவு 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் இருக்கிறது. கூடியவரை அறுபது நாளில் அந்த மனுவை முடிக்கவேண்டுமென்று 2001-இல் திருத்தமும் வந்தது. "கூடியவரை" என்ற அந்தச் சொல்லுக்குள் எத்தனை மாதங்கள் அடங்கும்!

தோழர்களே! 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டிலே மணவிலக்கு உரிமை கேட்டவர்கள் நம் முன்னோர். 1967-இல் சுயமரியாதைத் திருமணம் சட்டமாயிற்று. புரோகிதரை விலக்கி மாலை மாற்றிக்கொண்ட இளைஞரே, பிரிவு நேர்ந்தால் உம் வக்கீல் 6-ஆம் பிரிவை நீட்டுவார். "அவருக்குப் பிறகு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவீரா? மனுவில் கையெழுத்திடுமுன் அந்த வரியை அடிக்கச் சொல்வீரா?

மாவட்ட நீதிமன்றங்களிலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தாய்மார்களில் எத்தனை பேர் இதை அறிவர்? படிப்பகப் பலகையிலே நாளைக்கே எழுதிவையுங்கள்.