வானியலுக்குக் கணக்கு தடையல்ல

கணிதம் எடுக்காத கலைப்பிரிவு மாணவருக்கு வானியல் வைத்தால் கோள்களின் பெயரை ஒப்பிப்பதோடு முடிந்துவிடும் என்கிறார்கள். இதை ஏற்க முடியாது. 1610 ஜனவரியில் கலிலியோ தொலைநோக்கியில் வியாழனருகே சில ஒளிப்புள்ளிகளைக் கண்டார். இரவுக்கு இரவு அவை இடம் மாறின, வியாழனை விட்டு மட்டும் விலகவில்லை. அவை அதைச் சுற்றும் நிலவுகள் என்று முடிவுகட்டப் பொறுமையும் தர்க்கமும் போதுமாக இருந்தன. வரலாற்று மாணவர் சான்றுகளை எடைபோடுவதும் இப்படித்தானே! கோள்களின் இயக்கம் பற்றிய கெப்ளரின் விதிக்குக் கணக்கு வேண்டாமா என்பார்கள். வேண்டும், பள்ளிக் கணக்குதான். சூரியனிலிருந்து வியாழன் பூமியைவிட 5.2 மடங்கு தொலைவு. பூமியின் வேகத்திலேயே ஓடினால் 5.2 ஆண்டில் ஒரு சுற்று முடிய வேண்டும். ஆகிறதோ ஏறக்குறைய 12 ஆண்டு. தொலைவிலுள்ள கோள் மெதுவாகவே நகர்கிறது என்பதை மாணவரே கண்டுபிடித்துவிடுவார். பாடம் இருக்கட்டும், பெயர்களை ஒப்பிக்கச் சொல்லும் கேள்வித்தாளை மாற்றுங்கள்.