அகராதிக்குள்ளும் ஒரு சேரி

வல்லரசுகள் ஒதுக்கிவைத்த நாட்டை ஆங்கில நாளேடுகள் 'பரையா ஸ்டேட்' என்கின்றன. தெருநாய்க்குப் 'பரையா டாக்'. இந்தச் சொல் நம் மண்ணிலிருந்துதான் போனது. பறையர் என்னும் மக்களின் பெயரைத்தான் 'ஒதுக்கப்பட்டவர்' என்று ஆங்கில அகராதியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

பறை என்றால் தோற்கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் சொல்வதுதான். தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையையும் திணைகளின் கருப்பொருளாக வைத்தது தொல்காப்பியம். அந்தச் சொல்லில் இழிவு ஏது? இழிவை ஏற்றியது சாதி.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். தன் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்வது உரிமை. அதையே அடுத்தவர் வசவாக்குவது தீண்டாமை.

"சாதியை நினைத்து எழுதவில்லையே" என்பார்கள். தோழர்களே, நினைக்காமலே எழுத முடிகிறதே, அதுதான் சாதியின் வெற்றி! விலக்கப்பட்ட நாட்டைச் சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொல்லா இல்லை? அடுத்த முறை கண்ணில் பட்டால் அந்த ஏட்டின் ஆசிரியருக்கு எழுதுங்கள். உரக்கப் பறைவோம்.