குடலுக்குள் ஒரு நெட்வொர்க்: பாக்டீரியாக்கள் நண்பர்களாக இருந்தால் நல்லதா?

ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்ததும் சிலருக்கு வயிறு சீக்கிரம் சரியாகிவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் பேதி நிற்காது. ஏன் இந்த வித்தியாசம்? குடலில் எந்தெந்த பாக்டீரியா இருக்கு என்ற லிஸ்ட் மட்டும் இதற்குப் போதாது. அவற்றுக்குள் என்ன உறவு என்பதும் தெரியணும். அதற்குத்தான் நெட்வொர்க் அனாலிசிஸ்.

எப்படிச் செய்கிறார்கள்?

நிறைய பேரின் மல மாதிரிகளை எடுத்து, டிஎன்ஏ மூலம் எந்த பாக்டீரியா எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு இனமும் ஒரு புள்ளி. இரண்டு இனங்கள் சேர்ந்தே கூடினாலோ, ஒன்று கூடும்போது மற்றது குறைந்தாலோ நடுவில் ஒரு கோடு. எந்தப் புள்ளியை எடுத்தால் வலை சிதறும் என்று கம்ப்யூட்டரில் சோதிக்கலாம்.

நட்பா, போட்டியா?

இனங்களும் தொடர்புகளும் கூடக்கூட உறுதியும் கூடும்னு நினைப்போம். 1972-ல் ராபர்ட் மே கணக்குப் போட்டுக் காட்டியது வேறு: தொடர்புகள் தற்செயலாக அமைந்தால், ஓர் எல்லைக்கு மேல் அமைப்பு ஆட்டம் காணும். 2015-ல் ‘சயின்ஸ்’ இதழில் கோய்ட், ஷ்லூட்டர், ஃபாஸ்டர் குழு குடலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தது. ஒன்றையொன்று நம்பி வாழும் பாக்டீரியாக்களில் ஒன்று சரிந்தால் மற்றதும் சரியும். போட்டி இருந்தால், எதுவும் கட்டுமீறி வளராது. அதாவது, நிலைத்தன்மைக்கு உதவுவது போட்டிதான்!

எங்கே உஷாரா இருக்கணும்?

கோடு இருப்பதாலேயே உறவு இருக்குன்னு சொல்லிட முடியாது. இரண்டுக்கும் ஒரே நார்ச்சத்து பிடித்திருந்தாலும் சேர்ந்தே கூடும். இன்னொரு சிக்கல்: டிஎன்ஏ சோதனை பெரும்பாலும் தருவது சதவீதம்தான், எண்ணிக்கை இல்லை. ஒன்று பெருகினால், மற்றவை குறையாமலேயே குறைந்த மாதிரி தெரியும்.

அதனால், ஒரே ஒரு மாதிரியை வாங்கிக்கொண்டு ‘உங்க குடலின் உறுதிக்கு இத்தனை மார்க்’ என்று சொல்லும் டெஸ்ட்டுகளை நம்பிப் பணம் கட்டக் கூடாது என்பதே நம் கருத்து. உறுதி என்பது அடி வாங்கிய பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது. அதைப் பார்க்க ஒரே ஆளிடம் பலமுறை மாதிரி எடுக்கணும்.

இது வெறும் ஆராய்ச்சி விளையாட்டும் இல்லை. ஆன்டிபயாடிக்கால் குலைந்த குடலில் ‘கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்’ பெருகினால் உயிருக்கே ஆபத்து வரலாம். அது திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து தயாரித்த ‘ரீபயோட்டா’வுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2022-ல் அனுமதி தந்தது. மொத்தமாகக் கொடுக்காமல், தேவையான சில இனங்களை மட்டும் கொடுக்க முடியுமா? அதற்கு நம்பகமான வலை வரைபடம் வேண்டும்.

அதுவரை, டாக்டர் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கு.