கரையில் தயங்கும் கால்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபகுதியில் அமைந்த மினசோட்டா மாநிலம் ஏரிகளால் பெயர் பெற்றது. பத்து ஏக்கருக்குக் குறையாத பரப்புடைய ஏரிகள் மட்டும் அங்கு 11,842 உள்ளன. நெடிய பனிக்காலத்தில் அவ்வேரிகள் உறைந்து கிடக்கும். எனவே கோடை அம்மக்களுக்குக் கிடைத்தற்கரிய செல்வம். சூன் முதல் ஆகஸ்டு வரை வார இறுதிதோறும் நண்பர்கள் கூடித் தட்டையான தளமுடைய படகுகளில் ஏரிக்குள் செல்வர். உணவு, இசை, நீச்சல் எனப் பொழுது கழியும். அப்படகுகளில் நாய்களும் இடம்பெறுவதுண்டு. அவற்றுள் சில, கைவிடப்பட்டுக் காப்பகத்தில் வாழ்ந்து, பின்னர் ஒரு குடும்பத்தாரால் ஏற்றுக்கொள்ளப்பட்டவை.

வீடிழந்த உயிருக்கு வீடு தருவது நற்செயல். தம் மகிழ்ச்சியிலும் அதற்குப் பங்கு தர விரும்புவது அதனினும் இனிய எண்ணம். எனினும் அந்த மகிழ்ச்சி நாயினுடையதா, அழைத்துச் செல்பவருடையதா என்னும் வினா படகு புறப்படுமுன்பே எழ வேண்டும். பெரும்பாலும் அது எழுவதில்லை. நாய் என்றால் நீந்தும், நீந்தினால் மகிழும் என்ற நம்பிக்கையே வினாவை அடைத்துவிடுகிறது.

நாய் மறக்குமா? இதற்கு விடை தேடுவோர் 1924ஆம் ஆண்டு உருசியாவின் லெனின்கிராடு நகரில் நிகழ்ந்ததை அறிதல் நலம். அவ்வாண்டு செப்டம்பரில் நேவா ஆறு கரை கடந்து நகருக்குள் புகுந்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லவின் ஆய்வுக்கூட நாய்கள் அப்போது கூண்டுகளில் அடைபட்டிருந்தன. பெருகிவந்த நீரினூடே அவற்றை நீந்தச் செய்துதான் வெளியே கொண்டுவர முடிந்தது. நாய்கள் பிழைத்தன. ஆனால், நெடுநாள் பயிற்சியால் அவற்றுள் சிலவற்றிடம் படிந்திருந்த பழக்கங்கள் குலைந்துபோயின. மீண்டும் பொறுமையாகப் பழக்கியபின் ஒரு நாய் தேறியது. பின்பொரு நாள், ஆய்வறைக் கதவின் அடியில் சிறிதளவு நீரை மெல்ல ஒழுகவிட்டுப் பார்த்தார் பாவ்லவ். வெள்ளமில்லை, கூண்டில்லை, ஒழுகிவந்த அந்தச் சிறு நீர் மட்டுமே. தேறிய நாய் மறுபடியும் கலங்கிப்போயிற்று.

ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவிலும் நீர் இத்தகைய வடுவை விட்டுச் சென்றது. 2005 ஆகஸ்டு 29ஆம் நாள் கரையைத் தாக்கிய கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மனிதரை ஏற்றிச் சென்ற மீட்புப் படகுகள் பலவற்றில் வளர்ப்பு விலங்குகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. தம் நாயைப் பிரிய மனமின்றி வெள்ளம் சூழ்ந்த வீட்டிலேயே தங்கியவர்கள் இருந்தனர். பேரிடர்க்காலத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற சட்டம் 2006இல் இயற்றப்பட்டது அத்துயரின் விளைவே. அந்நகரில் மீட்கப்பட்ட நாய்கள் பல தொலைவிலுள்ள மாநிலங்களில் புதிய வீடு கண்டன. அத்தகைய நாயொன்றைப் புதிய உரிமையாளர் அன்போடு ஏரிக்கரைக்கு அழைத்து வருகிறார் என்று கொள்வோம். அவர் கண்ணுக்குத் தெரிவது உல்லாசப் படகு. நாயின் கண்ணுக்குத் தெரிவது என்ன?

எல்லா நாயும் வெள்ளத்தில் சிக்கியதன்று. ஆயினும் காப்பகப் பதிவேட்டில் வயதும் எடையும் தடுப்பூசி விவரமும் இருக்குமேயன்றி, எதைக் கண்டு நடுங்கும் என்ற குறிப்பு பல நேரங்களில் இராது. ஏட்டில் இல்லாததை நாயின் உடலிலிருந்துதான் படிக்க வேண்டும். ஒடுங்கிய வால், பின்னோக்கி மடிந்த செவி, உறக்கமின்றியே வரும் கொட்டாவி, உணவின்றியே உதட்டை நக்குதல், வெண்விழி தெரியப் பக்கவாட்டில் பார்த்தல் ஆகியவை அச்சத்தின் எழுத்துகள். வாய் அகன்று நாக்கு தொங்கும் நாயைப் படம்பிடித்து ‘சிரிக்கிறது’ என்று எழுதி மகிழ்வோர் பலர். அது வெப்பத்தால் இளைத்துக்கொண்டிருக்கலாம்; அச்சத்தாலும் இளைக்கலாம். மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிரும் வாய்ப்பு நாய்க்கு இல்லை. அதன் வியர்வைச் சுரப்பிகள் பெரிதும் பாதங்களிலேயே உள்ளன. இளைப்பே அதன் விசிறி. நிழலற்ற படகில், வெயிலில் சுட்ட தளத்தின் மேல் நிற்கும்போது அவ்விசிறி போதாமற்போகும். பக், புல்டாக் போன்ற குறுமூக்கு நாய்களுக்கு வெப்பமும் நீச்சலும் இருமடங்கு இடர்.

நீரிலும் மறைந்த இடர்கள் உண்டு. குதிப்பது எளிது, வழுக்கும் படகின் விளிம்பில் மீண்டும் ஏறுவது நாயால் இயலாது. அதனை அறியாமல் சுற்றிச் சுற்றி நீந்தி அது சோர்ந்துபோகும். முதுகில் கைப்பிடியுள்ள மிதவைச் சட்டை அணிந்திருந்தால் எட்டித் தூக்கிவிடலாம். பொழுதுபோக்குப் படகில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. நாயை அவ்விதி எண்ணுவதில்லை. எண்ண வேண்டியவர் உரிமையாளரே. பாதுகாப்பு என்று கருதி நாயைப் படகோடு கட்டிவைப்பதோ பெரும்பிழை. படகு கவிழ்ந்தால் கயிறே யமனாகும். கோடை முதிரும்போது சில ஏரிகளில் படரும் நீலப்பச்சைப் பாசி இன்னும் கொடியது. அதன் நச்சு கலந்த நீரைக் குடித்தோ, நீந்தியபின் ஈர மயிரை நக்கியோ நாய்கள் சில மணி நேரத்தில் இறந்ததுண்டு. பச்சைச் சாயம் கரைத்தாற்போன்ற நீரில் நாயை இறக்கலாகாது.

நாயை வீட்டில் அடைத்துவைப்பது மட்டும் அன்பாகுமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. நியூபவுண்ட்லாந்து தீவின் மீனவர்களோடு வாழ்ந்த நீர்நாட்டமுள்ள நாய்களின் வழிவந்ததே லாப்ரடார் இனம். அதன் வாரிசு ஏரியைக் கண்டு துள்ளினால் தடுப்பது கொடுமை. அஞ்சிய நாயும் காலப்போக்கில் நீரை விரும்பக் கற்கலாம். எனவே படகில் நாய்க்கு இடமே இல்லை என்பது கருத்தன்று. ஏறுவதா, நிற்பதா என்று முடிவுசெய்யும் உரிமையில் நாய்க்கும் பங்கு வேண்டும் என்பதே கருத்து. ஏற்றுக்கொண்ட நாய் அதிர்ச்சி நீங்க மூன்று நாள், வீட்டின் ஒழுங்கு பழக மூன்று வாரம், தன் வீடென உணர மூன்று திங்கள் ஆகலாம் என்பது அமெரிக்கக் காப்பகங்களில் வழங்கும் தோராயக் கணக்கு. வந்த வாரமே அதனைப் பத்துப்பேர் கூச்சலிடும் படகில் ஏற்றுவோர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கு நண்பர்களுக்கும் கடமை உண்டு. ‘தூக்கிப் போடு, தானே நீந்தும்’ என்று நகைப்பவர் ஒருவர் எக்குழுவிலும் இருப்பார். அவர் சொல்லைக் கேட்பதைவிட, இசையின் ஒலியைக் குறைத்து, இயந்திரத்தை நிறுத்தி, கரையில் கட்டிய படகை நாய் மோந்து பார்க்கும்வரை காத்திருக்கும் நண்பரோடு செல்வதே தகும். முதல் நாள் மோந்து பார்த்துத் திரும்பட்டும். மறுநாள் நிற்கும் படகில் ஏறி இறங்கட்டும். அதன்பின் கரையோரமாகவே பத்து நிமிடப் பயணம் போதும். அதற்கும் கால்கள் தயங்கினால், நாய்க்குப் பழகிய ஒருவர் அதனோடு கரையின் மரநிழலில் இருக்கலாம்; படகு நண்பகலுக்குள் திரும்பிவிடலாம்.