நாம் யாருடைய பொறியாளர்கள்?

2011 டிசம்பர் 8 அன்று கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி வண்டிப்பெரியாற்றிலிருந்து கொச்சி வரை மனிதச் சுவர் எழுப்பியது. இடுக்கியில் நிலம் லேசாக அதிர்ந்திருந்த நேரம் அது. கேரளத்தில் இருந்தாலும் தமிழ்நாடு இயக்கும் முல்லைப்பெரியாறு அணை உடைந்தால் கொச்சியே கடலுக்குள் போய்விடும் என்ற பேச்சு டீக்கடை வரை வந்திருந்தது. அணை உடைவதைப் பற்றிய ‘டேம் 999’ படம் வெளியாகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தமிழ்நாடு அதைத் தடை செய்திருந்தது.

அதற்குச் சில நாள் முன்புதான் கேரள உயர் நீதிமன்றத்தில் அம்மாநில அட்வகேட் ஜெனரல் கே.பி.தண்டபாணி, அணை உடைந்தாலும் அந்த நீரை இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் பேசினார். முல்லைப்பெரியாறு 152 அடிக்கு நிரம்பினாலும் சுமார் 15 டி.எம்.சி.தான், இடுக்கியின் கொள்ளளவு சுமார் 70. இடுக்கி அன்றைக்கு எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வெள்ளம் என்ன வேகத்தில் வந்து மோதும் என்ற கேள்விகள் அந்தக் கணக்கில் விடுபட்டிருந்தன. அவற்றை யாராவது கேட்டிருந்தால் நல்ல விவாதமாகியிருக்கும். யாரும் கேட்கவில்லை. பதவி விலகு என்றார்கள். எதிர்க்கட்சி மட்டுமல்ல, ஆளுங்கூட்டணிக்குள்ளிருந்தும் அவர் மேல் பாய்ந்தார்கள்.

அமெரிக்காவிலும் அச்சம் அரசியலாகும்; ஆனால் அங்கே அது கட்சிவாரியாகப் பிரியும். 1964இல் லிண்டன் ஜான்சனின் தேர்தல் குழு, பூவிதழ்களை எண்ணும் சிறுமியையும் அணுகுண்டு வெடிப்பையும் ஒட்டவைத்து ஒரு விளம்பரத்தை ஒரே ஒரு முறை ஒளிபரப்பியது. எதிர்வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர் அதில் வரவே இல்லை. வர வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கொரோனா காலத்தில் அங்கே முகக்கவசம் அணிவதுகூடக் கட்சிக் கொடி பிடிப்பதுபோல ஆனது. நம்மிடம் பிரிகோடு குமுளி சோதனைச் சாவடி. அதற்கு மேற்கே எல்லாக் கட்சிகளுக்கும் அணை ஆபத்து, கிழக்கே எல்லாக் கட்சிகளுக்கும் அணை பத்திரம். எதிரணி என்று ஒன்று இல்லாததால் உள்ளுக்குள்ளிருந்து மறுப்பு எழ வழியில்லை. இந்த வகையில் நம் நிலை அமெரிக்கர்களுடையதைவிட மோசம்.

இதில் நம் தொழிலுக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. 1895இல் கட்டி முடித்த அதே சுண்ணாம்பு–சுர்க்கி அணை, 1979க்குப் பிறகு கொடுத்த அதே கான்கிரீட் முட்டு, அதே கம்பி நங்கூரம். ஆனாலும் பொறியாளரின் முடிவு என்னவாக இருக்கும் என்பதை அவருடைய சம்பளம் எந்த மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் குழு 2012இல் அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் பலர் அத்தோடு பேச்சு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். நீதிமன்றம் தீர்த்தது வழக்கை. அணைக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

அணைக்கும் இடுக்கி நீர்த்தேக்கத்துக்கும் நடுவே வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை ஊர்கள் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் முதலில் அவர்களுக்குத்தான். இடுக்கியின் கொள்ளளவு அவர்களைக் காப்பாற்றாது. அந்த மலைத்தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. 2011இல் கேரளத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள், தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. அணையில் ஒரு கல்லும் பெயரவில்லை. சேதம் மட்டும் நடந்தது.

மனிதச் சுவர் முடிந்த இந்தக் கொச்சிக்கு வேறொரு வெள்ளம் உண்மையாகவே வருகிறது. மட்டாஞ்சேரியின் தாழ்வான தெருக்களில் ஓத நீர் ஏறி வீட்டுக்குள் புகுகிறது. இங்கே அதற்கு வேலியேற்றம் என்று பெயர். கல்வத்தி கால்வாயும் ராமேஸ்வரம் கால்வாயும் வண்டலும் குப்பையுமாக அடைத்துக் கிடந்தால் ஏறிய நீர் இறங்க வழியில்லை. இதற்கு யாரும் வண்டிப்பெரியாறு வரை கைகோத்து நிற்கவில்லை. குற்றம் சுமத்த அண்டை மாநிலம் கிடைக்காத ஆபத்துக்கு அரசியலில் மதிப்பில்லை.

2021 அக்டோபரில் முல்லைப்பெரியாறு பீதி மறுபடி கிளம்பியபோது, பீதி பரப்புவோர் மீது சட்ட நடவடிக்கை என்று அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் சொன்னார். வரவேற்கலாம்; ஆனால் வழக்குப் போட்டுப் பீதியை அடக்க முடியாது. தெளிவான தகவல் இல்லாத இடத்தில்தான் அது வளர்கிறது. அந்தத் தகவல் நம் அலமாரிகளில் இருக்கிறது. கசிவு நீர் அளவுகள், வெள்ளம் பரவும் வரைபடம், எத்தனை மணி நேரத்தில் எந்த ஊருக்கு நீர் வரும் என்ற கணக்கு எல்லாம் வழக்கு ஆவணம் என்ற பெயரில் பூட்டப்பட்டால் அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பும்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், நெருக்கடிகால நடவடிக்கைத் திட்டம் தயாரிக்க அணை உரிமையாளர்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தந்தது. அது 2026 டிசம்பரோடு முடிகிறது. முல்லைப்பெரியாற்றுத் திட்டம் தமிழிலும் மலையாளத்திலும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். அதை இரு மாநிலப் பொறியாளர்களும் சேர்ந்து எழுதுங்கள். துறைத் தலைமை அனுமதித்தால் இந்த இதழ் முழுமையாக வெளியிடும்.