மேடை ஏறுமுன் வேண்டிய துணை

ரால்ஃப் ஸ்மெட்லி 1924 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாண்டா அனா நகரில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஒருவர் பேசுகிறார், சக உறுப்பினர் மதிப்பிடுகிறார், அடுத்த பேச்சு மேம்படுகிறது என்பதே அதன் அடிப்படை. தமிழில் கூட்டம் நடத்தும் மன்றங்களும் இந்த வழியில்தான் நடக்கின்றன. மதிப்பீடே நம் முறையின் உயிர் என்று புதியவர்களிடம் பெருமையோடு சொல்கிறோம். அதே மன்றங்களில் மென்டார் எனப்படும் வழிகாட்டியின் பெயர் பெரும்பாலும் பட்டியலோடு நின்றுபோகிறது. இந்த முன்னுரிமையை மாற்றியாக வேண்டும். வழிகாட்டி இல்லாத இடத்தில் மதிப்பீடு தன் பயனில் பெரும்பகுதியை இழக்கிறது.

மதிப்பீட்டாளர் காண்பது ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சு. அதைப் பற்றி அவர் சொல்லக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம், அதுவும் சபையின் முன். பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து க்ளூகரும் டெனிசியும் 1996-இல் வெளியிட்ட கட்டுரையை நம் துறையினர் அனைவரும் படிக்க வேண்டும். பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனை உயர்த்தினாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் அதைக் குறைத்திருந்தது. கவனம் செய்த வேலையை விட்டுச் செய்தவர்மேல் திரும்பும்போது பலன் தேய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். முதல் பேச்சை முடித்து அமர்ந்தவருக்கு, 'கைகள் சும்மா தொங்கின' என்ற குறிப்பு தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே காதில் விழும். அடுத்த முறை மதிப்பிடுபவர் வேறொருவர். ஒருவர் நிதானம் கேட்பார், இன்னொருவர் வேகம் கேட்பார். இரண்டையும் சேர்த்துவைத்து, இப்போது எதைக் கவனிப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் தொடர்ந்து உடனிருக்க வேண்டும்.

புதிய உறுப்பினரின் முதல் பேச்சான, நான்கு முதல் ஆறு நிமிட ஐஸ் பிரேக்கரையே எடுத்துக்கொள்வோம். பிறந்த ஊர், பள்ளி, கல்லூரி, வேலை, திருமணம், பிள்ளைகள் என முழு வாழ்க்கையும் வரைவில் இருக்கும். குறைந்தபட்ச நேரம் ஆனதைக் காட்டும் பச்சை விளக்கு எரியும்போது பேச்சு கல்லூரியைத் தாண்டியிருக்காது. நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு எரியும்போது பாதி அப்படியே நிற்கும். போதாததற்கு, வரைவு எழுத்துத் தமிழில் இருக்கும். வீட்டிலும் அலுவலகத்திலும் 'படிச்சேன்' என்று சொல்லிப் பழகிய நாக்கு, 'பயின்றேன்' என்ற இடத்தில் தடுக்கும். நேரத்தைக் கவனியுங்கள், தடுமாற்றத்தைக் குறையுங்கள் என்று மதிப்பீட்டாளர் சொல்வது சரிதான். ஆனால் பேச்சு முடிந்துவிட்டது. மூன்று நாள் முன்னதாக வரைவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்கும் வழிகாட்டி, 'இவற்றில் எந்த ஒரு சம்பவம் எங்கள் நினைவில் நிற்க வேண்டும்?' என்று கேட்டாலே போதும், பேச்சின் எலும்புக்கூடு மாறிவிடும். நாக்கு இடறும் சொற்களை அவரவர் சொற்களாக மாற்றிக்கொள்ளவும் அப்போதுதான் அவகாசம் இருக்கிறது.

மேடை அச்சத்திலும் காலமே முக்கியம். தம் பதற்றம் அவையில் எல்லோருக்கும் தெரிகிறது என்று பேசுபவர்கள் நம்புகிறார்கள். உண்மையில் அவையோர் காண்பது அதைவிடக் குறைவு. சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே அறிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். பேச்சு முடிந்தபின் 'பதற்றமே தெரியவில்லை' என்று பாராட்டுவது ஆறுதல் தரும். பேசப்போகும் முன் சொல்வதுதான் பேச்சையே மாற்றும்.

வழிகாட்டுதலின் பலன் அவ்வளவு பெரிதல்ல என்று ஆய்வுகளையே காட்டி மறுப்பவர்கள் உண்டு. 2008-இல் ஈபியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு, பலன்கள் நல்லவையே ஆனாலும் பொதுவாகச் சிறியவை என்றது. நிறுவனம் நியமித்த வழிகாட்டிகளைவிடத் தானாக அமைந்த உறவுகள் அதிகம் உதவின என்று ராகின்ஸும் காட்டனும் 1999-இலேயே காட்டியிருந்தனர். இரண்டையும் ஏற்க வேண்டும். மன்றத்தின் கல்வித் துணைத்தலைவர் வாட்ஸ்ஆப்பில் இரு பெயர்களைச் சேர்த்து அனுப்பிவிட்டால் உறவு பிறந்துவிடாது. ஆனால் இணை சேர்ப்பதில் தங்களுக்கும் பங்கு இருந்ததாக உணர்ந்தவர்களிடம் உறவின் தரம் மேலாக இருந்தது என்று ஆலனும் சக ஆய்வாளர்களும் 2006-இல் கண்டனர். ஆகவே புதியவர் இரண்டு மூன்று கூட்டங்களைப் பார்த்தபின் யார் துணை வேண்டும் என்று அவரையே கேட்போம்.

வழிகாட்டி தன் நகலை உருவாக்கிவிடுவார் என்ற அச்சம் தமிழ் மேடைக்கு நன்றாகப் பொருந்தும். அண்ணாவின் அடுக்குமொழி எத்தனை பேச்சாளர்களின் சொந்தக் குரலை மூடிவிட்டது என்பதை நாம் அறிவோம். அவர்களில் பலருக்கு அண்ணா நேரில் வழிகாட்டவில்லை. தூரத்திலிருந்து கேட்டே பின்பற்றினார்கள். அருகிலிருந்து கேள்வி கேட்பவர் இருந்தால் நகல் எடுப்பது குறையவே வாய்ப்பு அதிகம். வாக்கியத்தை எழுதிக்கொடுக்கும் வழிகாட்டியிடம் இந்த ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு மருந்து கால வரம்பு. இந்த உறவு தொடங்கி, வளர்ந்து, பிரிந்து, பின் வேறு வடிவம் கொள்ளும் என்று கேத்தி கிராம் 1983-இலேயே விளக்கினார். பிரிவும் அதன் இயல்பான கட்டம் என்பதால், முதல் மூன்று பேச்சோடு பொறுப்பு முடிகிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

நேரமில்லை என்ற மறுப்புக்கும் அந்த வரம்பே பதில். ஒவ்வொரு பேச்சுக்கும் முன் அரை மணி, பின் அரை மணி என்றால் மொத்தம் மூன்று மணி நேரம். பேச்சின் தொடக்கம் ஏன் எடுபடவில்லை என்று இன்னொருவருக்கு விளக்க வேண்டியிருக்கும்போது மூத்த உறுப்பினரின் கலையும் கூர்மையாகும். ஜூலை 1 அன்று பொறுப்பேற்கும் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இதுதான்: முதல் பேச்சுக்கு முன்பே, புதியவரின் சம்மதத்தோடு ஒரு வழிகாட்டி அமையட்டும். இம்முறை எதை முயன்று பார்க்கிறோம் என்று இருவரும் முடிவுசெய்ததை ஒரே வரியில் எழுதி மதிப்பீட்டாளரிடம் கொடுக்கட்டும். அப்போது மதிப்பீடு ஆளைப் பற்றிய தீர்ப்பாக ஒலிக்காது. மேற்கொண்ட முயற்சிக்கான பதிலாக அமையும்.