அந்த மூன்றில் ஒரு பங்கு

முண்டகக்கண்ணியம்மன் கோயில் ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள், படிக்கட்டு முடிவதற்குள் கைக்குட்டையைத் தேடுவார்கள். பக்கிங்காம் கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையங்களும் நிற்கின்றன. திருமயிலை, மந்தைவெளி நிலையங்களிலும் இதே கதைதான். கால்வாயின் அகலத்தைத் தூண்கள் தின்றது போக, மிச்சத்தில் கறுப்பாக ஒன்று தேங்கி நிற்கிறது. அதைத் தண்ணீர் என்று சொல்ல மயிலாப்பூர்க்காரர்களுக்கே கூச்சம்.

அங்கிருந்து பத்து நிமிட ஆட்டோ தூரத்தில், அடையாறின் உள்தெரு ஒன்றில் அழகான பூங்கா இருக்கும். நடைபாதையில் வண்ணக் கற்கள், கிரானைட் பெஞ்சு, பெஞ்சின் முதுகில் கொடுத்தவர் பெயர். அந்தப் பெஞ்சுக்கு நன்கொடை கேட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும். கால்வாய்க்குக் கேட்டால் யாரிடம் கேட்பது? சமூகப் பங்களிப்போடு நகரின் சூழலைச் சீராக்குகிறோம் என்று சொல்லும் எந்தத் திட்டமும் கடைசியில் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதல்ல. தி.மு.க. ஆட்சியில் 1997-98இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம், 2011க்குப் பிறகு அ.தி.மு.க. ஆட்சியில் தன்னிறைவுத் திட்டம் என்று வேறு பெயரில் வந்தது. 2021இல் பழைய பெயரோடு, நகர்ப்புறங்களுக்கென்று தனிப் பிரிவோடு திரும்பியது. ஆட்சி மாறினால் பலகை மாறும், கணக்கு பெரிதாக மாறுவதில்லை. குடியிருப்போர் சங்கமோ தொழில் நிறுவனமோ தனி நபரோ, மதிப்பீட்டில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். நீர்நிலை, பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளிக் கட்டடம், மரக்கன்று எனப் பலவற்றுக்கும் இந்த வழியில் பணம் கிடைக்கிறது. தன் காசும் போட்ட இடத்தை மக்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்பதே இதன் அடிப்படை. தவறான எண்ணம் என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்பது லட்ச ரூபாய் வேலை. மக்கள் பங்கு மூன்று லட்சம். அறுபது வீடுகள் இருந்தால் வீட்டுக்கு ஐயாயிரம். கஸ்தூரிபா நகரிலோ கலாக்ஷேத்ரா காலனியிலோ இதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும். ஒருவர் மெயின்டனன்ஸ் பாக்கியைச் சாக்குச் சொல்வார், செயலாளர் இரண்டு முறை போன் செய்வார், பணம் சேர்ந்துவிடும். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், கடலுக்குப் போய் வந்தால்தான் அடுப்பு எரியும் அறுபது வீடுகளில் அதே ஐயாயிரத்தைக் கேட்டுப் பாருங்கள். கொசுவும் சாக்கடையும் எங்கே அதிகமோ, அங்கே முன்பணம் குறைவு. ஆக, இந்த விதி அரசின் இரண்டு பங்கை எங்கே ஏற்கெனவே வசதி இருக்கிறதோ அங்கே ஓடவைக்கிறது. அடையாறின் பூங்காக்களை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணம் வேறு வழியிலும் போயிருக்கலாம் என்பதுதான் விஷயம்.

மக்கள் காசு நன்றாக வேலை செய்த காலமும் இந்த ஊரில் இருந்தது. வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989இல் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். ஹாங்காங் போய்வந்த பிறகு தன் தெருவின் குப்பை அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. யோசனை எளிமையானது. தெருவுக்கு ஒரு 'சிவிக் எக்ஸ்னோரா', அதற்கு ஒரு மூன்று சக்கர வண்டி, அதை ஓட்ட ஒருவர். அவருக்குப் பெயர் குப்பைக்காரர் இல்லை, 'தெரு அழகர்'. வீட்டுக்கு வீடு மாதம் பத்தோ இருபதோ வசூலித்து அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் இத்தகைய கிளைகள் ஆயிரத்தைத் தாண்டின.

இன்றைய மானியங்களுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். எக்ஸ்னோரா எதையும் கட்டவில்லை, திறந்துவைக்கவில்லை. அது மாதச் சம்பளம் கொடுத்தது. சுகாதாரம் என்பது பெரும்பாலும் அதுதான்: திங்கட்கிழமை கூட்டினதைச் செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டுவது. பிறகு 2000இல் மாநகராட்சி, தென்சென்னையையும் உள்ளிட்ட மூன்று மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தது. லாரி வந்தது, சீருடை வந்தது. மாதம் இருபது ரூபாய் எதற்கு என்ற கேள்வியும் வந்தது. பல தெருக்களில் வண்டி ஓரங்கட்டப்பட்டது. ஓனிக்ஸின் ஒப்பந்தம் 2007இல் முடிந்து நீல் மெட்டல் வந்தது, அதற்குப் பின் வேறு நிறுவனங்கள். வசூல் நோட்டுப் போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்ட பழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

மழைநீர் கதையிலும் இதே பள்ளம் இருக்கிறது. இயற்பியல் படித்த சேகர் ராகவன் தொண்ணூறுகளில் பெசன்ட் நகர்ப் பக்கம் வீடுவீடாகப் போய், மொட்டைமாடித் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் மண்ணுக்குள் விடச் சொன்னார். பலர் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. வெளிநாட்டில் வாழும் அன்பர்களின் உதவியும் சேர, 2002இல் மந்தைவெளியில் ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழை இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சின்ன நன்கொடையில் முளைத்த ஒரு முயற்சி சட்டத்துக்குத் துணைநின்றது என்றால், சமூக நிதியிலிருந்து இதைவிட வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

ஆனால் இன்று ஏதாவது ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் போய் மழைநீர் உறைகிணற்றுக் குழியின் மூடியைத் தூக்கினால் தெரியும். மேலே வேப்பஞ்சருகு, அதன் கீழே சிப்ஸ் பாக்கெட், அதற்கும் கீழே சிமென்ட் போல் இறுகிப்போன வண்டல். ஜல்லி எங்கே என்று தேட வேண்டும். நீர் இறங்காத குழியில் நீர் தேங்கும், மூடி விலகியிருந்தால் அதில் புழு நெளியும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டைச் சுற்றித் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரே அதற்குப் பிடித்தம். நிலத்தடி நீருக்காகத் தோண்டிய குழி, பார்க்க ஆளில்லாமல் போனால், கொசு ஒழிப்புப் பணியாளரின் டார்ச் வெளிச்சத்தில் குற்றவாளியாக நிற்கும். அந்த உறைகிணற்றை ஆண்டுக்கு ஒருமுறை தூர்வார ஆகும் செலவு, வெட்டிய செலவில் சிறு பகுதிதான். ஆனாலும் தோண்டக் கிடைக்கும் பணம் தூர்வாரக் கிடைப்பதில்லை. தூர்வாரிய கிணற்றுக்கு யார் ரிப்பன் வெட்டப்போகிறார்கள்?

கோட்டூர்புரம் ரயில் நிலையத்தை ஒட்டி அடையாற்றங்கரையில் உள்ள மரப்பூங்கா வேறு ஒரு பாடம். 2006க்கு முன் அது குப்பைமேடு. 'நிழல்' அமைப்பும் பகுதி மக்களும் சேர்ந்து உள்ளூர் மரங்களை நட்டார்கள். நட்டதைவிட முக்கியம், வாரந்தோறும் தன்னார்வலர்கள் வந்து மண் அணைத்ததும் களை பிடுங்கியதும். அங்கே போடப்பட்ட பங்கில் பெரும்பகுதி ரொக்கமாக வந்ததல்ல. ஜெமினி பக்கம் லிட்டில் பிளவர் கான்வென்ட்டில், 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற கூட்டு முயற்சியின் முன்னோடித் திட்டம் உண்டு. பள்ளியின் கழிவுநீர் தாவரப் படுகைகள் வழியே வடிந்து சுத்தமாகிறது, மழைநீர் நிலத்துக்குள் இறங்குகிறது. நெதர்லாந்து அரசின் ஆதரவில் தொடங்கிய 'வாட்டர் அஸ் லெவரேஜ்' திட்டத்தில் உருவான யோசனை அது. செவித்திறனோ பார்வைத்திறனோ குறைந்த பிள்ளைகள் படிக்கும் அந்தப் பள்ளியிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்டிருந்தால் திட்டம் காகிதத்திலேயே நின்றிருக்கும்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்? உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992 முதல் நடக்கிறது. நெடுங்காலம் ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 50,000 டாலர் என்றிருந்தது. அதிலும் உள்ளூர்ப் பங்கு கேட்கிறார்கள், ஆனால் உழைப்பையும் பொருளையும் பங்காகவே எண்ணுகிறார்கள். புனே மாநகராட்சி 2006 முதல் தன் பட்ஜெட்டில் ஒரு பகுதிக்கான சிறு வேலைகளைக் குடிமக்களிடமே கேட்டு எடுத்துக்கொள்கிறது. வேலையைப் பரிந்துரைக்கக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய சுற்றுச்சூழல் நீதிக்கான சிறுமானியங்கள், தொழிற்சாலைப் புகைக்கும் மாசுக்கும் நடுவே வாழும் ஏழைப் பகுதிகளையே குறிவைத்தன. அங்கேயும் 2025இல் ஆட்சி மாறியதும் இந்த வகை மானியங்கள் பல ரத்தாயின. பலகை மாறும் வியாதி நமக்கு மட்டும் சொந்தமில்லை.

இங்கே மாற்ற வேண்டியது திட்டத்தின் பெயரை அல்ல. ஒரு மீனவக் குப்பத்து இளைஞர் பத்து ஞாயிற்றுக்கிழமை சேறு அள்ளினால் அதை ரூபாயாக எழுதிக்கொள்ள ஒரு பத்தி வேண்டும். கட்டுமானத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயோடும் ஐந்தாண்டுப் பராமரிப்புக்குச் சில ரூபாய் தனியே பூட்டிவைக்கப்பட வேண்டும். மானியத்தின் எல்லை தெருவாக இல்லாமல் கால்வாயாக இருக்க வேண்டும். தி.நகரின் கடைவீதி 2021 நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றது பூங்கா இல்லாததால் அல்ல. மாம்பலம் கால்வாய் சீரமைப்பு பாதியில் கிடந்தது அதற்கு ஒரு காரணம். வள்ளுவர் கோட்டத்திலிருந்து நந்தனம் தாண்டி அடையாற்றில் சேரும் அந்தக் கால்வாயின் கரையில் எத்தனை சங்கங்கள்! ஒரே விண்ணப்பத்தில் அவை அத்தனையும் கையெழுத்துப் போட வழி இன்று இல்லை.

இதற்கான மேடை காகிதத்தில் இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022இல் வந்தன. முதல் பகுதி சபைக் கூட்டங்கள் அந்த ஆண்டு உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று நடந்தன. முதலமைச்சர் பம்மலில் கலந்துகொண்டார். கிணறுகளைத் தூர்வாரும் யோசனையை யாராவது அன்று எழுந்து சொல்லியிருந்தாலும் பயனிருந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை ஏற்கெனவே தொடங்கிவிட்டிருந்தது. அன்று காலையிலேயே சென்னையின் பல தெருக்களில் தண்ணீர் நின்றது.